கனவும் காண்பானும்



கனவைப் பற்றி மேனாட்டு அறிவியல் கூறுவதும் நம் சாத்திரம் கூறுவதும் ஒன்றுதானே என அன்பர் பலர் வினவுவர். அவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

மனித மூளையில் எழும் மின் அலைகளை 1924-ஆம் ஆண்டில் முதன்முதற் பதிவு செய்தவர் செருமனி நாட்டு ஏனா நகரத்து மருத்துவர் ஆன்சு பெர்கர். அதன் பின்னரும், உறங்குவோன் மூளை அவித்த விளக்குப்போல் ஓய்ந்து கிடக்கும் என்றே பலர் கருதினர்.

அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில், கிளைட்மன் என்னும் பேராசிரியரிடம் பயின்றவர் அசெரின்சுகி. அவர் 1951-ஆம் ஆண்டில், எட்டு வயதுடைய தம் மைந்தனை உறங்கச் செய்து, கண்ணருகே கம்பிகளைப் பொருத்தி இரவெல்லாம் நோக்கினார். மூடிய இமைகளுள் விழிகள் விரைந்து அசைவதைக் கருவி வரைந்து காட்டியது. கருவி பழுதோ என்று முதலில் ஐயுற்றார். மீண்டும் மீண்டும் நோக்கித் தெளிந்தார். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்நிலை வருகிறது. அப்போது மூளை விழித்தவன் மூளைபோல் தொழிற்படும்; கைகால் தசைகளோ தளர்ந்து கிடக்கும்.

1953-ஆம் ஆண்டில் இருவரும் தம் முடிவை வெளியிட்டனர். விழி அசையும்போது 27 முறை எழுப்பி வினவியதில், 20 முறை தெளிந்த கனவு கூறப்பட்டது. விழி அசையாதபோது 23 முறை எழுப்பியதில், 19 முறை எதுவும் நினைவில்லை என்றே விடை வந்தது. விழி அசையாத உறக்கத்திலும் கனவு உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இனி நம் சாத்திரத்தைக் காண்போம். சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் ஆன்மாவின் ஐந்து அவத்தைகளைப் பேசுகிறது. சாக்கிரத்தில் புருவநடுவில் 35 கருவிகளோடு நிற்கும் உயிர், ஞானேந்திரியம் கன்மேந்திரியம் பத்தும் நீங்க, 25 கருவிகளோடு கண்டத்தில் நிற்பது சொப்பனம். மூன்றே கருவிகளோடு இதயத்தில் நிற்பது சுழுத்தி.

இவற்றைக் கேட்டவுடன், "இதையே நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்" என்று கைதட்டுவது முறையன்று. அவர்கள் அளந்தது உடலின் அசைவை. நம் ஆசிரியர்கள் ஆராய்ந்தது அறியும் உயிரின் நிலையை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இரண்டுக்கும் இழுக்கு. நாளை அறிவியல் தன் முடிவைத் திருத்துமாயின், அதன்மேல் சாத்திரத்தை ஏற்றி வைத்தவன் என் செய்வான்?

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. கனவு எப்போது நிகழக்கூடும் என்பதைக் கருவி காட்டிற்று; கண்ட கனவு யாது என்பதைக் காட்டவில்லை. அதற்கு உறங்கியவனை எழுப்பி, "என்ன கண்டாய்?" என்று கேட்க வேண்டியதாயிற்று. 2013-ஆம் ஆண்டில் சப்பானியர் மூளைப் படத்தைக் கொண்டே கனவுக் காட்சி சிலவற்றை ஊகித்தனர். அவர்களும் உறங்கியவரைப் பன்முறை எழுப்பிக் கேட்ட பின்னரே அவ்வூகத்துக்கு வழி கண்டனர்.

அன்பர்களே! இதனால் ஆன்மா நிறுவப்பட்டது என்று நாம் கூறவில்லை. காண்பானை விலக்கிக் கனவை ஆராய இயலாது என்ற அளவே கூறுகிறோம். அறிவியலார் எழுப்பிக் கேட்டனர். நம் ஆசிரியர்களோ, கேட்கப்படும் அவன் யார் என்றே கேட்டனர். அவ்வினாவை இன்றிரவு துயிலுமுன் ஒவ்வொருவரும் தமக்குள் எழுப்பிப் பார்ப்போமாக.

திருச்சிற்றம்பலம்.