டர்போவின் தளர்ச்சி

பழைய டீசல் கார் ஒன்று வலுவிழந்துவிட்டால் அதன் சொந்தக்காரர் காதில் முதலில் விழும் தீர்ப்பு, "டர்போ போய்விட்டது" என்பதுதான். தீர்ப்புக் கூறுவது எளிது. அதை நிறைவேற்றுவதற்குப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். ஆனால் இவ்வாறு குற்றம் சாட்டப்படும் டர்போக்களில் பல குற்றமற்றவை. உண்மைக் குற்றவாளி ஒரு ரப்பர்க் குழாயாகவோ, அடைத்துக்கொண்ட ஃபில்டராகவோ, தளர்ந்துபோன ஒரு கிளாம்பாகவோ இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது சற்று முக்கியமான விஷயம். விடுமுறைக்குக் குடும்பத்துடன் காரிலேயே ஊருக்குப் புறப்படுவோர் பலர். மலைச் சாலையில் முன்னே செல்லும் லாரியைக் கடக்க முற்படும்போது வண்டி வலுவிழந்தால், அது பணச் செலவோடு முடிகிற காரியமன்று, உயிருக்கே அபாயம். அன்றியும், பட்டறையில் நமது குறையை வேற்று மொழியில் எடுத்துச் சொல்லியாக வேண்டும். "பிக்கப் இல்லை" என்ற இரண்டு சொற்களோடு நாம் நிறுத்திக்கொண்டால், மற்றதை மெக்கானிக்கின் ஊகத்திற்கு விட்டவர்களாகிறோம்.

முதலில் டர்போ என்பது யாது என்று பார்ப்போம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகைக்கு வேகமும் விசையும் உண்டு. அது வீணே போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப டீசலையும் மிகுதியாக எரிக்கலாம், சக்தி பெருகும். இந்த ஏற்பாட்டிற்கு 1905-ஆம் ஆண்டிலேயே ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை பெற்றார். சிறிய கார்களின் டர்போ நிமிஷத்திற்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுக்கள் சுழல்கிறது. அவ்வளவு வேகத்திலும் அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றே.

நம் நாட்டுச் சாலைகளில் மிகவும் பழகிய ஓர் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். 1248 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மல்டிஜெட் டீசல் எஞ்சின் அது. மாருதி, டாட்டா, ஃபியட் ஆகிய மூன்று பெயர்களிலும் வந்த கார்களில் அது ஓடியது. மாருதி ஸ்விஃப்டில் 2007-இல் வந்தது. 2020-இல் புதிய புகை விதிகள் அமலுக்கு வந்தபோது மாருதி அதனைக் கைவிட்டது. ஸ்விஃப்டில் அதன் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டர் ஏறக்குறைய 2000 சுற்றில் கிடைக்கும். அதை ஓட்டியவர்கள் அறிவார்கள்: அந்த இடம் வரும்வரை வண்டி சற்றுச் சோம்பும், பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் பாயும். அந்தத் தள்ளுதல் வராவிட்டால் நோய் தொடங்கிவிட்டது எனலாம்.

பட்டறைக்குப் போகுமுன் சொந்தக்காரர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வலு எப்போது குறைகிறது என்பது. குறைந்த சுற்றிலா, அதிகச் சுற்றிலா, எப்போதுமேயா? எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கியதும் வலு திரும்பி, சிறிது தூரம் சென்றபின் மறுபடி மறைகிறதா? அப்படியானால், வண்டியின் கணினி ஏதோ ஒரு தவறான அளவைக் கண்டு, எஞ்சினைக் காப்பதற்காக எரிபொருளைக் குறைத்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, புகை. கரும்புகை மிகுந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று உள்ளே போகவில்லை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் வலு மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது, ஓசை. 'உஸ்' என்று காற்றுச் சீறினால் குழாயில் வெடிப்பு இருக்கலாம். உலோகம் உராயும் கூச்சல் கேட்டால் டர்போவையே ஐயுற வேண்டும்.

இனிப் பரிசோதனை. காற்றுச் செல்லும் வழியே நாமும் செல்வோம். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் குழாய்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். பத்தாண்டு வெப்பத்தில் வெந்த ரப்பர், சும்மா இருக்கையில் முழுமையாகத் தோன்றும். உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். இணைப்பில் ஆயில் ஈரம் படிந்திருந்தால் அங்கே காற்றுக் கசிகிறது. குழாயினுள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு காண்பது இயல்பு. குளம்போல் தேங்கியிருப்பது இயல்பன்று.

பின்னர் டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்டுவேட்டரைக் கவனிக்க வேண்டும். வெற்றிட விசையால் இயங்கும் வகையில், எஞ்சினை இயக்கியதும் அதன் கம்பி அசையும், நிறுத்தியதும் திரும்பும். அசையாவிட்டால் பென்சில் பருமனுள்ள ஒரு சிறு குழாய் வெடித்திருக்கலாம். அல்லது உள்ளிருக்கும் இதழ்கள் புகைக்கரியில் சிக்கியிருக்கலாம். சாதாரண வகையில் அக்கம்பி அழுத்தம் ஏறிய பிறகே அசையும். ஆகவே நின்ற நிலையில் அசையவில்லை என்று அதைப் பழிக்கலாகாது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் கரி படிந்து பொய்யளவு கூறுவதும், புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே தீரும். கணினிக் கருவியை இணைக்கும் மெக்கானிக்கிடம், எஞ்சின் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்கள் எந்த மொழியிலும் ஒன்றே.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவைத் தொட வேண்டும். எஞ்சின் நின்று நன்கு ஆறிய பிறகு, குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைக்கலாம். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயற்கை. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இதழ்கள் சுவரில் உராய்ந்த வடு தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. அப்போதும் ஏன் முடிந்தது என்று கேட்க வேண்டும். ஆயில் கொண்டுவரும் குழாய் அடைத்திருந்தால் புதிய டர்போவும் அதே கதியை அடையும்.

ஓர் எச்சரிக்கை. டர்போவின் அடைப்பு உடைந்து ஆயில் உள்ளே பாய்ந்தால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுக்கக்கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் மாற்றும் வண்டியானால், உயர்ந்த கியரில் இட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்தபடி கிளட்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். ஆகவே நீலப்புகை கண்டபின் நெடும் பிரயாணம் கூடாது.

டர்போவைக் காக்கும் வழி மிகவும் சிக்கனமானது. ஏற்ற தரமுள்ள ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் விரைந்து வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல், ஒரு நிமிஷம் மெதுவாக ஓட விடுங்கள். வலு குறைந்தால் குழாயிலிருந்து தொடங்கி டர்போவில் முடியுங்கள். டர்போவிலிருந்து தொடங்குபவர், குழாயின் விலைக்குத் தீரும் நோய்க்கு டர்போவின் விலையைக் கொடுக்க நேரும்.