அரசன் சமாதியில் கிடைத்த கொழுந்து



பிரட்டு, மலை, நிறுவை என்று நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். ஒரு புதினம் மட்டும் சொல்லுகிறேன். அதுவும் நம்ம கொழுந்தைப் பற்றித்தான்.

சீன தேசத்தில் சியான் என்று ஒரு பழைய நகரம். அதற்குப் பக்கத்தில் ஹான் வம்சத்து ஜிங் என்ற சக்கரவர்த்தியின் சமாதி இருக்கிறது. அவர் கி.மு. 141ஆம் ஆண்டில் இறந்தவர். மறு உலகத்தில் ராசாவுக்கு வேண்டுமே என்று அரிசி, தினை எல்லாம் சமாதிக்குப் பக்கத்தில் குழிகளில் வைத்து மூடியிருக்கிறார்கள். தோண்டிப் பார்த்தபோது ஒரு குழியில், மக்கிக் கட்டியாகிப் போன இலையும் கிடைத்தது. பார்த்தால் குப்பை மாதிரி.

அது என்ன இலை? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். கஃபீன் இருந்தது. தேத்தண்ணி குடித்தால் தூக்கம் கலைகிறதே, அதற்குக் காரணம் இதுதான். ஆனால் கஃபீன் கோப்பியிலும் உண்டு. ஆகவே தியனின் என்ற இன்னொரு பொருளையும் தேடினார்கள். தேயிலைக் குடும்பத்துச் செடியைத் தவிர மற்றச் செடிகளில் அது கிடைப்பது அரிது. அதுவும் இருந்தது. அது தேயிலைதான், 2,100 வருஷத்துக்கு மேல் பழையது என்று 2016இல் அறிவித்தார்கள்.

இனித்தான் முக்கியமான சங்கதி. அது முத்தின இலை இல்லை. சின்னச் சின்ன அரும்பு! இதை வாசித்ததும் எனக்கு உங்கள் விரல்தான் ஞாபகம் வந்தது. அரும்பு தானாகக் கூடையில் விழாது. யாரோ ஒருத்தர் ஒவ்வொன்றாகக் கிள்ளியிருக்க வேண்டும்.

2021இல் இதைவிடப் பழைய செய்தி ஒன்றும் வந்தது. சீனாவில் சாண்டோங் மாகாணத்துக் கல்லறை ஒன்றில், கவிழ்ந்து கிடந்த கிண்ணத்துக்குள் சுமார் 2,400 வருஷத்துத் தேயிலைச் சக்கை. காய்ச்சிக் குடித்த மிச்சம்.

ராசாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. கொழுந்து கிள்ளின கையின் பெயர் யாருக்கும் தெரியாது. நம்ம நாட்டிலும் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நல்லதுதான். அந்தக் கன்றை நட்ட கைகளின் பெயர்?

போன மாசம் ஒரு அம்மா படிவம் நிரப்ப வந்தார். "உங்க அப்பாயி பேரு என்னம்மா?" என்று கேட்டேன். "அப்பாயின்னுதாங்க கூப்புடுவோம், பேரு தெரியாதுங்களே ஐயா" என்றார். அந்த அப்பாயி முப்பது வருஷம் கொழுந்து பறித்த மனுஷி. வீட்டுக்குப் போய் யோசித்தேன். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்கும் தெரியாது.

ஆகையால் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளே, இன்று இரவு ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். பாட்டி தாத்தாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். முழுப் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், எந்த வருஷம்? எழுதித் திகதி போட்டு, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

மண்ணுக்குள் கிடந்த அரும்பை ஆய்வுகூடம் அடையாளம் கண்டது. கிள்ளினவர் பெயரை எந்த ஆய்வுகூடமும் கண்டுபிடிக்காது. அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.