தீரா நோயும் மனவேதனையும்

(சுயமரியாதைச் சங்க வாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமது கூட்டங்களுக்குக் கொஞ்சம் புதியதாகப் படலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், ஆஸ்துமா, சோரியாசிஸ் என்பன போன்று, வந்தால் போகாத நோய்களோடு வருஷக்கணக்காய்க் காலந்தள்ள வேண்டியவர்கள், அதனால் உண்டாகும் மனவேதனைக்கு யாரிடம் போவது, எப்படிப் போவது என்பதே அந்த விஷயமாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிரம்பச் சம்பந்தமுண்டு என்பதே எனது அபிப்பிராயம்.

ஜுரம் வந்தால் பத்து நாளில் போய்விடும். அந்தப் பத்து நாளும் வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து உபசரிப்பார்கள். போகாத நோய் என்று தெரிந்துவிட்டால் அந்த உபசாரம் எத்தனை நாளைக்கு நடக்கும்? முதல் மாதம் அனுதாபம். ஆறாம் மாதம் சலிப்பு. இரண்டாம் வருஷம் ஏச்சு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு மனிதன் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறான். வெய்யில் காலத்தில்கூடத் தண்ணீரை அளந்து குடிக்கிறான். முடக்குவாதம் கண்ட ஒரு பெண்ணுக்குக் காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கோ புண்ணுமில்லை, ஜுரமுமில்லை. ஆகவே மாமியார், "வேலைக்குப் பயந்து வேஷம் போடுகிறாள்" என்கிறாள். நோயின் வலி ஒரு பங்கு என்றால் இந்தச் சொல்லின் வலி இரண்டு பங்கு.

இந்த நிலையில் நமது மதம் என்ன செய்கிறது? "போன ஜன்மத்துப் பாவம், அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்கிறது. ஜோசியன் ஏழரைச் சனி என்கிறான். பரிகாரத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் என்கிறான். பணம் போவதுகூடப் பெரிதல்ல, தோழர்களே! நோயாளியையே குற்றவாளியாக்கி, அவன் வாயாலேயே "நான் பாவி" என்று சொல்லவைக்கிறதே, அதுதான் பெரிய அக்கிரமம். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அதன் உடம்பில் நோயை எதிர்க்கவேண்டிய சக்தியே தடுமாறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது என்று விஞ்ஞானம் சொல்லுகிறது. இதில் பாவம் எங்கே வந்தது? பால்குடி மறந்து மூன்று வருஷமாகாத குழந்தை யார் குடியைக் கெடுத்தது?

மந்திரம், சங்கிலி, தர்கா, கோவில் என்று மனக்கோளாறுக்கு வைத்தியம் தேடிய கதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நம் நாடு 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் பார்த்தது. கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த படியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

இதெல்லாம் நாம் தினமும் பேசுகிற சங்கதிதான். ஆனால் இன்று நம்மவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டியதாயிருக்கிறது. இயக்கத் தோழர் ஒருவர் நோயில் விழுந்து, இரவில் தூக்கமில்லை, எதிலும் மனம் செல்லவில்லை என்று சொன்னால் நம்மில் சிலர் என்ன பதில் சொல்லுகிறோம்? "பகுத்தறிவுவாதிக்குக் கவலை எதற்கு? தைரியமாயிரும்" என்கிறோம். "அய்யா மூத்திரக் குழாயோடும் பாத்திரத்தோடும் ஊர் ஊராய் வந்தாரே, உமக்கு என்ன?" என்றும் கேட்கிறோம்.

பெரியார் அவர்கள் அப்படி வந்தது வாஸ்தவம். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசியபோதுகூட வலியோடுதான் பேசினார். ஆனால் அவர் வலியை மறைத்தாரா? மேடையிலேயே வலி தாங்காமல் வாய்விட்டு அரற்றினார். டாக்டர்களை ஒதுக்கினாரா? வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியம் செய்துகொண்டார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள மணியம்மையார் இருந்தார். இவ்வளவும் இருந்தவரைக் காட்டி, ஒன்றுமில்லாமல் தனியாய்க் கிடக்கிறவனை வெட்கப்படுத்துவது நியாயமாகுமா?

அன்றியும், ஆத்மா என்று தனியாக ஒன்று கிடையாது என்று சொல்லுகிறவர்கள் நாம். மனம் என்பது மூளையின் வேலை; மூளை உடம்பில் ஒரு பாகம். அப்படியானால் முழங்கால் நோகலாம், மனம் நோகக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? சர்க்கரை நோயாளிகளிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது என்று பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து 2001-ல் எழுதியிருக்கிறார்கள். சோர்வு வந்தவன் மாத்திரையை விடுகிறான்; நடையை விடுகிறான்; சர்க்கரை ஏறுகிறது; ஏறியதும் இன்னும் சோர்கிறான். இந்தச் செக்கைச் சுற்றுகிறவனிடம் தைரியம் என்ற ஒரு வார்த்தையைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பக்தனுக்கு பஜனை மடம் இருக்கிறது. பூசாரி பித்தலாட்டம் செய்கிறான் என்றாலும், அரைமணி நேரம் உட்கார்ந்து அழுகிறவள் கதையைக் கேட்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அவர் சீட்டு எழுதவே நேரம் போதவில்லை. பூசாரியிடம் போகாதே என்று சொன்ன நாம், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரை உட்காரவைத்தோம்?

அந்த இடத்துக்கு உரியவர் மனநல ஆலோசகர். இது மந்திரமுமல்ல, வெறும் ஆறுதல் பேச்சுமல்ல. அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ் என்று ஒருவர் இருந்தார். 1913-ல் பிறந்தவர். சிறு பிள்ளையிலேயே சிறுநீரக நோயால் பல தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தவர். நாற்பது வயதில் சர்க்கரை நோய் கண்டு, 2007-ல் 93 வயதில் இறக்கும் வரை அதோடேயே வாழ்ந்தவர். நாஸ்திகர். அவர் 1955-ல் ஒரு மனவைத்திய முறையை ஏற்படுத்தி அதற்குப் பகுத்தறிவு வைத்தியம் என்றே பெயர் வைத்தார். பின்னால் ஆரான் பெக் முதலானவர்கள் அதே வழியில் இன்னும் விரிவாகச் செய்தார்கள்.

அதன் வேலை எப்படி என்றால், ஒருவன் காலையில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறான், 240 காட்டுகிறது. "நான் உதவாக்கரை, இனி எனக்கு விமோசனமில்லை" என்று நினைத்து, மறுநாள் முதல் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறான். ஆலோசகர் அவனைத் திட்டுவதுமில்லை, தட்டிக் கொடுத்து அனுப்புவதுமில்லை. "240 என்பது ஒரு கணக்கு. உதவாக்கரை என்பது தீர்ப்பு. கணக்கிலிருந்து அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது? ருசு என்ன? போன மாதம் 140 இருந்த நாட்களில் நீர் யார்?" என்று கேட்கிறார். புராணத்தைப் பார்த்து நாம் கேட்கிற கேள்வியை, அவன் தன் எண்ணத்தைப் பார்த்துத் தானே கேட்கப் பழக்குகிறார். கணக்குப் புத்தகத்தில் எழுதிவரச் சொல்லுகிறார். விட்டுப்போன வேலைகளில் ஒன்றை, பத்து நிமிஷ நடையானாலும் சரி, மறுபடி தொடங்கவைக்கிறார். இதனால் சிறுநீரகம் திரும்ப முளைக்காது. நோயோடு கூட வந்து குடியேறிய வீண் பாரம் குறையும். இருக்கிற வாழ்வை வாழ இடம் கிடைக்கும்.

சரி, யாரிடம் போவது? எம்.டி. அல்லது டி.பி.எம். படித்த சைக்கியாட்ரிஸ்ட் டாக்டர்; மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் என்பவர் பேச்சு வைத்தியம் செய்கிறவர். அவர்களில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளை 1992-ம் வருஷத்துச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள். பதிவு எண்ணைக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டியதில்லை. தங்கம் வாங்கும்போது உரைத்துப் பார்ப்பதில்லையா? வெறும் கவுன்சிலர் என்று பலகை மாட்டிக்கொள்ளுகிறவர்கள் இன்று அநேகர். அவர்களில் நல்லவர்களும் உண்டு, நாலு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. எங்கே படித்தீர், எத்தனை காலம், நீண்ட நோயாளிகளைப் பார்த்த பழக்கம் உண்டா, கட்டணம் என்ன, நான் சொல்லுவது வெளியே போகாதல்லவா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நலம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், இந்த வைத்தியம் பெறுவதையும், நோயாளி சொன்னதை இரகசியமாய் வைப்பதையும் உரிமையாக்கியிருக்கிறது. உடம்பு நோய்க்குள்ளது போல் மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது.

ஜாதகம் கொண்டு வா என்கிறவர், ஜாதி கேட்கிறவர், "இன்சுலினை நிறுத்து, மனதால் குணமாக்கலாம்" என்கிறவர், அடிக்கிற புருஷனோடு அனுசரித்துப் போ என்று பெண்ணுக்கு உபதேசிக்கிறவர், இவர்களிடமிருந்து அன்றே எழுந்து வந்துவிட வேண்டும். நல்ல படிப்பாளியாயிருந்தும் மூன்று நாலு தடவை போன பிறகு மனம் ஒட்டவில்லையென்றால், அதைச் சொல்லிவிட்டு வேறொருவரிடம் போகலாம். இதில் குருத்துரோகம் என்பது ஒன்றும் கிடையாது. பெண்மக்களை அழைத்துப் போகிற ஆண்கள் தயவு செய்து வெளியே பெஞ்சியில் உட்காருங்கள். புருஷன் பக்கத்தில் இருந்தால் அவள் மூட்டு வலியைத்தான் சொல்லுவாள், மற்றதைச் சொல்லமாட்டாள்.

முதலில் உங்கள் நோயைப் பார்க்கிற டாக்டரிடமும் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். அதற்கு ரத்தப் பரிசோதனை போதும். ஸ்டீராய்டு மாத்திரைகூடச் சிலருக்கு மனநிலையை மாற்றுவதுண்டு. அதை டாக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

பணமில்லாதவர் என்ன செய்வது? ஜில்லாத் தலைநகர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. 2022 அக்டோபர் 10-ந் தேதி ஆரம்பித்த டெலிமானஸ் என்ற போன் உதவி, 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே இலவசமாய்க் கிடைக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளாமல் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், அல்லது ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வீட்டார் மூடி மறைத்த காலம் போய்விட்டது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் பழைய 309-வது பிரிவு இல்லை.

ஆனாலும் இருக்கிற மனவைத்தியர்கள் ஜனத்தொகைக்கு நிரம்பக் கொஞ்சம். எல்லோருக்கும் பெரிய படிப்பாளி வேண்டும் என்றால் ஏழைக்கு ஒருநாளும் கிடைக்காது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டரோ சைக்காலஜிஸ்டோ அல்லாத சாதாரண ஜனங்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டுத் தடவை முறைப்படி பேசவைத்தார்கள். நல்ல பலன் கண்டது என்று 2016-ல் வெளியிட்டார்கள். பிறர் துன்பத்தைக் கேட்கும் திறமை எந்த ஜாதிக்கும் எந்தப் பட்டத்துக்கும் தனிச்சொத்தல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன ருசு வேண்டும்? நம் மாகாணத்தில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கி, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். மெச்சவேண்டிய காரியம். மாத்திரை கொண்டுவருகிற அந்த அம்மாள், "இந்தப் பதினைந்து நாளாய் மனம் சோர்ந்திருக்கிறதா? எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா?" என்ற இரண்டே கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆம் என்றவர்களைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் அனுப்பும்படி எல்லா ஊரிலும் ஏற்பாடு வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சரியான சம்பளமும் வேண்டும். தர்மத்துக்கு உழை என்பது கூடாது.

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மாயிருக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு நமது படிப்பகத்தில் நீண்ட நோயுள்ளவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வந்து உட்காரலாம். பிரசங்கம் கிடையாது, அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம். அங்கே சொல்லுவதை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வைத்தியத்துக்கு அது ஈடாகாது. ஆதலால் திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போக விரும்பி, தனியாய்ப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்குத் துணையாக வர இரண்டு தோழர்களும், பெண்களுக்கென்று ஒரு தாயாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் வாசலண்டை நிற்பார்கள். பேர் கொடுக்க வேண்டியதில்லை, எத்தனை மணி பஸ் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.