மழையும் பாவமும்

(வாடிப்பட்டிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மழை பொய்த்துவிட்டால் “கலி முற்றிவிட்டது, ஜனங்கள் ஆசாரத்தை விட்டார்கள்” என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு யாகமென்றும் கழுதைக் கல்யாணமென்றும் உங்கள் காசு போகின்றது. இது மெய்தானா என்று விசாரிக்க நீலகிரியில் ஒரு சாட்சி கிடக்கின்றது. அது வெறும் சேறு!

நீங்கள் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும், தண்ணீர் ஏறாத மேட்டில் சோளமும் போடுகிறவர்கள். இரண்டும் தின்பது காற்றிலுள்ள கரியமில வாயுவைத்தான். அந்த வாயுவிலுள்ள கரி அணுவில் 100-க்குச் சுமார் 99 பங்கு 12 எடையுள்ளது. ஏறக்குறைய 1 பங்கு 13 எடையுள்ளது. நெல்லும் மரங்களும் கனத்த கரியை அதிகமாக ஒதுக்கும். சோளம், கம்பு, கரும்பு, வறட்சி தாங்கும் பல புற்கள் அவ்வளவு ஒதுக்குவதில்லை. வித்தியாசம் ஆயிரத்துக்குச் சுமார் 14தான். ஆனால் செடி செத்து மண்ணோடு மண்ணானாலும் அந்தக் கணக்கு அழியாது.

நீலகிரி உச்சிப் பள்ளங்களில் செடிகள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகக் கருஞ்சேறாகக் கிடக்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து சுகுமாரும், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோரும் அந்தச் சேற்றை எடுத்து, எடை பிரித்தளக்கும் யந்திரத்தில் வைத்து, 1993-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். சேற்றின் வயதைச் சொன்னது, 5,730 வருஷத்தில் பாதியாகக் குறையும் 14 எடைக் கரி.

அந்தச் சேறு சொல்வதென்ன? சுமார் 18,000 வருஷங்களுக்கு முன் கடும் வறட்சி. எங்கும் வறட்சிப் புல். சுமார் 9,000 வருஷங்களுக்கு முன் பெருமழை. பஞ்சாங்கப்படி கலி பிறந்து 5,100 வருஷந்தான் ஆகின்றது! அப்படியானால் அந்தப் பெரிய வறட்சி துவாபர யுகத்தில் வந்ததா? அப்போது எவன் எந்த ஆசாரத்தைக் கெடுத்தான்? பூமியின் வடபாகம் பனியில் உறைந்து, கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து, பருவக்காற்று பலங்குன்றிக் கிடந்த காலம் அது. பிறகு பூமியின் சாய்வும் சுற்றும் மாறி, கோடையில் ஆசியா அதிகமாகச் சூடேறியதால் காற்று பலத்து மழை கொட்டிற்று.

நிற்க, மனிதன் செய்கையால் மழை மாறவே மாறாதென்று நாம் சொல்லவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் பண்டைக்காலத்து உயிர்களின் மிச்சம்; அவற்றில் 13 எடைக் கரி குறைவு. நாம் அவற்றை எரிக்க எரிக்க, இன்றையக் காற்றிலும் அதன் விகிதம் குறைந்துகொண்டே வருகின்றது. அதையும் அதே மாதிரி யந்திரந்தான் அளந்து காட்டியிருக்கின்றது. இந்தப் புகையால் பூமி சூடேறுகின்றது, மழையின் போக்கும் மாறுகின்றது. இதற்கும் நெய்யை நெருப்பில் ஊற்றுவதுதான் பரிகாரமென்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், எத்தனை எடைக் கரி என்று கேட்டுப் பாருங்கள்.