நிலுவையில் கிடந்த ஒரு பயணம்
(நமது கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாங்காக், பட்டாயா போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன்" என்றதும் நண்பர் ஒருவர் காதருகே வந்து, "இந்த வயசில் பட்டாயாவா ஓய்?" என்றார். மாமியையும் அழைத்துக்கொண்டுதான் போனேன் என்ற பிறகே அவர் முகம் தெளிந்தது. ஆகவே, செயலாளர் பேசச் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

உண்மையில் இது என் மனைவியின் ஆசை. சியாம் தேசத்தில் திருவெம்பாவை ஓதும் வழக்கம் உண்டு என்று மகா பெரியவர் சொல்லியிருப்பதை 'தெய்வத்தின் குரல்' நூலில் படித்துவிட்டு, "ஒரு தடவை அந்தக் கோவிலைப் பார்க்கணும்னா" என்றாள். ரிட்டயர் ஆனதும் போகலாம் என்றேன். 2008ல் ரிட்டயர் ஆனேன். அப்புறம் பிள்ளை கல்யாணம், வீட்டுக் கடன், பேரன் பிறப்பு, 2020ல் கொரோனா. எந்த ஃபைலையும் மூன்று நாளுக்கு மேல் மேஜையில் வைக்காதவன் என்று ஆபீசில் பெயர் வாங்கியவன் நான். இந்த ஒரு ஃபைல் மட்டும் 16 வருஷம் நிலுவையில் கிடந்தது. 2024 டிசம்பரில் ஒருவழியாகக் கிளம்பினோம். அதற்குள் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

கொல்கத்தாவிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். சாப்பாடுதான் முதல் கவலை. காய்கறி மட்டும் போடுங்கள் என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் சாறு விடுவது அவர்கள் வழக்கம். ஆனால் 'ஜே' என்று ஒரு உணவு முறை உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்டிருக்கும். அதில் மாமிசம், மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது! நம் ஆத்து நிவேதனச் சமையல் மாதிரி. அந்தக் கொடியைக் கண்டுபிடித்த நாள் முதல் பருப்புப் பொடி டப்பா பெட்டியிலேயே தூங்கியது.

மார்கழியில் ஒரு நாள் தேவஸ்தான் கோவிலுக்குப் போனோம். முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கியது 1782ல். இந்தக் கோவில் 1784ல் எழுந்தது. சிவன், பிள்ளையார், விஷ்ணு மூவருக்கும் தனித்தனிச் சந்நிதிகள். எதிரே வானுயர்ந்த சிவப்புத் தேக்குத் தூண்களுடன் ராட்சத ஊஞ்சல். அந்தக் காலத்தில் ஆட்கள் அதில் ஆடி உயரே எழும்பி, மூங்கில் கம்பத்தில் கட்டிய பண முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935ல் ஆட்டம் நின்றது. இப்போதுள்ள தூண்கள் 2007ல் நிறுத்தியவை. விழாவின் பெயர் திரியம்பாவாய்–திரிபாவாய். அதாவது நம் திருவெம்பாவை, திருப்பாவை! அரசவை பிராமணர்கள் கோவிலுக்குள் இன்றும் நடத்துகிறார்கள். ஓதும் தமிழின் பொருள் அவர்களிடையே எப்போதோ மறைந்துவிட்டது. ஓதுவது மட்டும் நிற்கவில்லை.

சிவன் சந்நிதியில் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து திருவெம்பாவை இருபது பாட்டையும் மெல்லிய குரலில் சொன்னாள். வெள்ளை உடையும் குடுமியுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். முடியும்வரை நகரவில்லை. முடிந்ததும் கை கூப்பினார். அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி வாரம் பட்டாயா. பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மீனவ கிராமமாக இருந்த ஊர், வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து மாறிப்போனது. இரவு வாழ்க்கையை விட்டுவிட்டால் நமக்கும் அங்கே இடம் உண்டு. 'உண்மையின் ஆலயம்' என்று கடலோரத்தில் முழுக்க மரத்தால் ஒரு மாளிகை. 1981ல் தொடங்கிய வேலை. இன்னும் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். பிரம்மா, விஷ்ணு, சிவன், பிள்ளையார் எல்லாரும் மரத்தில். ஆனால் அருகே போகப் படிகள் இறங்க வேண்டும். "நீங்க பார்த்துட்டு வாங்கோ, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். நான் திரும்பி வந்து கேமராவில் படங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "2008ல வந்திருந்தா நானும் இறங்கியிருப்பேன், இல்லையா?" என்றாள். கோபித்துச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் காலை ஜோம்தியன் கடற்கரை. அலை அதிகமில்லை. கையைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினேன். சற்று நேரம் கழித்து, "ஏன்னா, கால் வலிக்கவே இல்லையே!" என்றாள். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் சும்மா இருப்பேனா? ஆர்க்கிமிடீஸ் தத்துவம், இடுப்பளவு நீரில் முழங்கால் சுமக்கும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று விளக்க ஆரம்பித்தேன். "பேசாம நில்லுங்கோ" என்றாள். நின்றேன். அந்த வாரம் முழுக்கத் தினமும் நின்றோம்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பயண இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படாதீர்கள். டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மேஜையிலும் இப்படி ஒரு ஃபைல் இருக்கலாம். ஆத்துக்குப் போய்த் தேடிப் பார்த்து, இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். முழங்கால் நமக்காகக் காத்திருக்காது.