மாரிகாலமும் மாணவர் கால்களும்



ஐப்பசி பிறந்து வடகீழ்த் திசையில் முகில் கறுத்துவிட்டதென்றால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரி தொடங்கிற்று என்று கொள்ளலாம். ஓராண்டிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. மழை பெய்கின்றதென்பதற்காகப் பாடசாலை மணி பிந்தி அடிப்பதில்லை. ஆதலின், விடிந்ததும் விடியாததுமாக நனைந்த வீதிகளில் துவிச்சக்கர வண்டிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது குடாநாட்டின் போக்குவரத்தைத் தாங்கி நின்றது இவ்வண்டியே. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடெங்கும் மக்கள் மீண்டும் இதனை நாடினர்.

மழையில் வண்டி செலுத்துவோர் தலையைக் காப்பதற்குப் பெருமுயற்சி செய்வர். ஒரு கையிற் குடையும் மறு கையிற் பிடியுமாகச் செல்வோரும் உளர். வாடைக்காற்று எதிர்த்து வீசும் பண்ணை வீதியில் அது விபத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். ஆனால் காலைப்பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. தலை நனைந்தால் துவாயினால் துடைத்த சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். சப்பாத்துக்குள் அகப்பட்ட காலின் நிலை அவ்வாறன்று. ஏழரை மணிக்கு நனைந்த காலுறையோடு வகுப்பிற் சென்று அமரும் மாணவன், பிற்பகல் ஒன்றரை மணி வரை, அதாவது ஆறு மணி நேரம், அவ்வீரத்திலேயே காலை வைத்திருக்கின்றான். தோல் ஊறி வெளுக்கின்றது. விரலிடுக்குகளிற் சேற்றுப்புண் தோன்றுகின்றது. அரிப்பும் வெடிப்பும் தொடர்கின்றன.

இதனைச் சிறு தொல்லையென்று தள்ளிவிடலாகாது. எலி, மாடு முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சற் கிருமி வாழ்கின்றது. காயத்தின் வழியாகவும் நீரில் ஊறி மென்மையான தோலின் வழியாகவும் அது உடலினுட் புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000இற்கு மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. 2024ஆம் ஆண்டு மார்கழியில், பெருவெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாணத்திற் சிலருடைய உயிரைக் கொண்டுபோன காய்ச்சலும் இதுவே எனக் கண்டறியப்பட்டது. நீரிழிவு நோயாளருக்கோ இன்னுமோர் இடருண்டு. காலின் உணர்ச்சி குன்றியவர், ஈரத்தால் உண்டான புண்ணை அது முற்றும்வரை அறியமாட்டார்.

ஆகவே, கால் எவ்வாறு நனைகின்றது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். நீர் மூன்று வழிகளால் வருகின்றது.

முதலாவது வழி கீழிருந்து வருவது. உருளும் முன்சில்லு வீதியிலுள்ள நீரைத் தன்னோடு ஒட்டி எடுக்கின்றது. சில்லு நிலத்தைவிட்டு மேலெழும் இடத்தில் அந்நீர் பிடி விட்டுப் பின்னோக்கித் தெறிக்கின்றது. அது சென்று விழுமிடம் மிதியில் இருக்கும் பாதங்களே. மழை விட்ட பின்னரும் கால் நனைவதன் காரணம் இதுதான். மட்காட் இல்லாத புதுமாதிரி வண்டிகளில் இத்தொல்லை அதிகம். மட்காட் இருந்தாலும், அதன் பின்முனை சில்லின் அச்சுயரத்தோடு நின்றுவிட்டாற் பயனில்லை. நீர் தெறிப்பது அதற்கும் கீழே. மட்காட்டின் நுனியில், ரயரிலும் சற்று அகலமான றப்பர்த் துண்டொன்றை, நிலத்துக்கு நாலைந்து அங்குலம் மேலே நிற்கும்படி தொங்கவிட வேண்டும். பழைய ரியூப் ஒன்றை வெட்டி இரண்டு ஆணிகளால் முடுக்கினாற் போதும். கோப்பாய், உரும்பிராய் முதலிய செம்பாட்டு மண் ஊர்களில் வாழ்வோர், மட்காட்டுக்கும் ரயருக்குமிடையே ஒரு விரல் நுழையுமளவு இடைவெளி விடவேண்டும். இன்றேற் சேறு அடைத்துச் சில்லு சுழலாது நின்றுவிடும்.

இரண்டாவது வழி மேலிருந்து வருவது. முழங்காலில் விழும் மழை கணைக்கால் வழியே வடிந்து சப்பாத்தின் வாய்க்குள் இறங்குகின்றது. காலுறை விளக்குத் திரியைப் போன்று அந்நீரை உறிஞ்சிக் குதிகால்வரை கொண்டு செல்கின்றது. மழைக்காற்சட்டை அணிவோர் அதன் நுனியைச் சப்பாத்துக்குட் செருகுவது பெருந்தவறு. அது புனல் வைத்து நீர் வார்ப்பது போலாகும். நுனி சப்பாத்தின் வெளியே படிந்திருக்க வேண்டும். சங்கிலிப் பக்கத்துக் காலில் அதனை ஒரு நாடாவினாற் கட்டிக்கொள்வது பாதுகாப்பு.

மூன்றாவது வழி, தேங்கி நிற்கும் வெள்ளத்திற் காலை ஊன்றுவது. மழைநீர் வேறு, தேங்கிய வெள்ளம் வேறு. முன்னது துடைத்தாற் போய்விடும். பின்னதிலேதான் நோய்க்கிருமி உறைகின்றது. ஆதலால், வெள்ளம் நிற்கும் ஒழுங்கையைத் தவிர்த்து, சற்றுத் தூரமாயினும் மேட்டு வீதியாற் செல்வதே அறிவுடைமை. காலிற் காயமுள்ளவர் இதிற் சிறிதும் அசட்டையாயிருத்தல் கூடாது. வெள்ளத்தில் நடந்த சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, வெள்ளத்தில் நடந்த செய்தியையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இனி, எதனை அணிவது என்ற வினா எழும். முழங்கால்வரை உயர்ந்த றப்பர்ச் சப்பாத்து வயலுக்கு ஏற்றது, வண்டிக்கு ஏற்றதன்று. மேல்வாயால் நுழைந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கும். வியர்வையும் அதனோடு சேரும். சப்பாத்தின்மேற் பொலித்தீன் பையைக் கட்டினால் அது மிதியில் வழுக்கும். கிழிந்து சங்கிலியிலும் சிக்கும். வெப்ப நாட்டில் வாழ்வோர்க்கு இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. அரைமணி நேரம் கால் நனைவதாற் கேடில்லை. நனைந்த கால் நெடுநேரம் உலராதிருப்பதே கேடு. 1960களில் வியற்னாமின் வெப்பமான நெல்வயல்களில் நாட்கணக்காக ஈரச் சப்பாத்தோடு நின்ற போர்வீரர்களின் கால்கள் வீங்கி நோவெடுத்தன. காலை உலரவிட்டபோது பெரும்பாலோர் தேறினர். காப்பது நீர்புகாச் சப்பாத்தன்று, உலரும் நேரமே.

ஆகவே, மழை நாளிற் பின்வாருள்ள செருப்பை அணிந்து வண்டி செலுத்துக. குதியிற் பிடியில்லாத செருப்பு மிதியிலிருந்து நழுவும். சப்பாத்தையும் காலுறையையும் ஒரு துண்டுத் துணியோடு பொலித்தீன் பையிற் சுற்றிப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொள்க. சென்றடைந்ததும் நல்ல நீரிற் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அதன்பின் அணிக. நனைந்துவிட்ட சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றிவந்தால் விடிவதற்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். அடுப்பருகில் வைத்தால் தோற்சப்பாத்து வெடிக்கும்; ஒட்டிய அடிப்பாகமும் கழன்றுபோகும்.

இவையெல்லாம் பிள்ளையாலும் பெற்றோராலும் செய்யக்கூடியவை. ஆனால் ஒன்று பாடசாலையின் கையிலுள்ளது. வெள்ளைத் துணிச் சப்பாத்து ஒரே சோடிதான் பல பிள்ளைகளுக்கு உண்டு. அது விரைவில் நனையும், மெதுவாக உலரும். படலையடியில் நின்று, செருப்போடு வந்த பிள்ளையை ஒழுங்கு மீறியவனாகக் கருதித் தடுத்து நிறுத்தினால், மறுநாள் அவன் ஈரச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வருவான். அல்லது வராமலே நின்றுவிடுவான். ஒழுங்கு வேண்டியதே. எனினும் அவ்வொழுங்கு பிள்ளைக்காக ஏற்பட்டதேயன்றி, பிள்ளை ஒழுங்குக்காகப் பிறந்ததன்று. விறாந்தையின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சாக்கு, சப்பாத்து மாற்றிக்கொள்ள ஒரு வாங்கு, முதற்பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் — இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர் பெரியோர். இவ்வாண்டு மாரிக்கு முன்னரே மட்காட்டைப் பாருங்கள்; றப்பர்த் துண்டைத் தொங்கவிடுங்கள்; பிள்ளையின் பையில் ஒரு துணியை வைத்து அனுப்புங்கள். உலர்ந்த காலோடு அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனம் பாடத்திலே நிற்கும்.