தோளைக் கொஞ்சம் இறக்குங்கள்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில் நின்றபடியே கேட்கிறீர்களா? தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கின்றனவா, பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? முதலாளியின் வாட்ஸ்அப் இன்னும் வரவே இல்லை. அதற்குள் அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடத்து, உடம்பு சண்டைக்குத் தயாராகிவிட்டது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். துடிப்பு தணியும்.

ஆனால் மூச்சு மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். பளுவும் குறைய வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், மிகைநேரம் நீங்கலாக, சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, முன்பு 48. அந்த 3 மணி நேரம் உங்கள் வீட்டுக்கு உரியது, கேட்டு வாங்குங்கள். மனசு தாங்கவில்லையா? 1970 முதல் காதுகொடுத்துக் கேட்டுவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழையுங்கள்: 03-76272929. நடுராத்திரியிலும் அழைக்கலாம்.